ஃபிரான்ஸ்: பாரிஸ் முடிந்ததும் எங்கே? பத்து நாள், மூன்று மூலை, அம்மாவின் முழங்கால்

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசியில் கிளம்பி ஜூலை முதல் வாரம் திரும்புகிற மாதிரி ஃபிரான்ஸ் போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், மனைவி, ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள், கூடவே அம்மா. அம்மாவுக்கு அறுபத்தெட்டு. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். சுத்த சைவம், முட்டை போட்ட கேக் கூடத் தொடமாட்டார்.

இங்கே ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். பாரிஸ் இரண்டு நாள், அப்புறம் சுவிஸ், அப்புறம் இத்தாலி என்று பஸ்ஸிலேயே உட்காரவைத்து ஜன்னல் வழியாகக் காட்டுகிற ஒரு பேக்கேஜை நீட்டினார்கள். ஒரே நாட்டை நிதானமாகப் பார்க்கவேண்டும் என்றேன். "ஃபிரான்ஸ்ல பாரிஸ விட்டா என்ன சார் இருக்கு" என்று கேட்டுவிட்டார் அங்கிருந்த தம்பி. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஈஃபிள் கோபுரம் கட்டாயம் உண்டு, அதன் முன்னால் நின்று படம் எடுக்காமல் வந்தால் நாங்கள் ஃபிரான்ஸ் போனதாகச் சொந்தக்காரர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மற்றபடி ஆளுக்கு ஓர் ஆசை. மகளுக்கு, கடலுக்கு நடுவே பாறைமேல் நிற்கிற மோன் சான் மிஷேல். மனைவிக்கு லாவெண்டர் வயல். எனக்கு மோன் பிளான் பனிமலை. அம்மாவைக் கேட்டால் "ஒரு நல்ல கோயில், ஒரு நல்ல ஆறு, அது போதும்" என்கிறார். மேப்பில் பார்த்தால் ஒன்று வடமேற்கு மூலை, ஒன்று தெற்குக் கடைசி, ஒன்று இத்தாலி எல்லை. மூன்றையும் ஒரே பயணத்தில் அடைக்க முடியுமா, எதையாவது வெட்டவேண்டுமா? ரயிலிலேயே சமாளிக்கலாமா, கார் வேண்டுமா? வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. போய்வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.


லாசப்பல்வாசி:

வணக்கம் அண்ணா. பாரிஸ் பக்கத்தை நான் சொல்கிறேன், மிச்சத்தை மற்ற ஆட்கள் சொல்லட்டும்.

ஈஃபிளில் ஏறத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். மேலே ஏறினால் பாரிஸ் முழுக்கத் தெரியும், ஈஃபிள் மட்டும் தெரியாது. ஏறுவதென்றால் லிஃப்ட் டிக்கெட்டை அவர்களுடைய சொந்தத் தளத்தில் அறுபது நாளுக்கு முன்னமே திறந்துவிடுவார்கள், அன்றைக்கே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள், கோடைகாலத்தில் கெதியாகத் தீர்ந்துவிடும். இரண்டாவது தட்டே போதும். அது 116 மீட்டர் உயரம், அங்கிருந்து பார்த்தால் நோத்ர தாம் எது, லூவ்ர் மியூசியம் எது என்று கட்டடங்களை அடையாளம் காட்டலாம். உச்சித் தட்டுக்குப் போனால் எல்லாம் சாம்பல் நிறக் கூரையாகத்தான் தெரியும், அதற்கு இன்னொரு வரிசையிலும் நிற்கவேண்டும்.

காசில்லாமல் பார்க்க வடிவான இடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற த்ரோகதேரோ. இருட்டின பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிஷம் கோபுரம் முழுக்க மினுங்கும். ஆனால் ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும், ஆகவே பிள்ளையைப் பின்னேரம் ஒரு நித்திரை கொள்ளவைத்துவிட்டுக் கூட்டிப்போங்கள். வந்த சனம் எல்லாம் எட்டு மணிக்குப் போய் நின்று, வெளிச்சம் குறையக் காணவில்லை என்று சலித்துக்கொண்டு திரும்புகிறதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

அம்மா கேட்ட கோயிலுக்கு நோத்ர தாம் தேவாலயத்தைவிட வேறென்ன? 2019 ஏப்ரலில் எரிந்து கூரையும் நடு ஊசிக்கோபுரமும் விழுந்ததே, அதைத் திருத்தி 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். முன்பு போனவர்களுக்கு உள்ளே இருட்டும் புகைக்கறுப்பும்தான் நினைவிருக்கும். இப்போது கல் முழுக்கக் கழுவி வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது, அதே இடம்தானா என்று சந்தேகம் வரும். உள்ளே போகக் காசு இல்லை. ஓரிரு நாளுக்கு முன்னம் இணையத்தில் இலவசமாக நேரம் பதியலாம், பதியாமல் வரிசையில் நின்றாலும் உள்ளே விடுவார்கள். அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் சாந்த் ஷப்பெல். 1248-இல் முடித்தது. மேல் மண்டபத்தில் சுவர் என்று ஒன்றே இல்லை, பதினைந்து கண்ணாடி ஜன்னல்கள்தான் கூரையைத் தாங்குவதுபோல இருக்கும். வெயில் அடிக்கிற நேரமாகப் பார்த்துப் போகவேண்டும், மப்பு நாளில் போனால் பாதி அழகு இல்லை. ஏறுகிற சுழல்படி ஒடுக்கம், ஆனால் நீளமில்லை. அம்மா மெதுவாக ஏறிவிடுவார்.

சாப்பாட்டுக்குப் பயப்படவேண்டாம். விமான நிலையத்திலிருந்து வருகிற ரயிலில் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கினால், பின்பக்கம் நடக்கிற தூரத்தில்தான் லா சப்பல். தோசையும் சோறும் கறியும் எங்கள் ஆட்களின் கடைகளில் கிடைக்கும். மாணிக்க விநாயகர் கோயிலும் அங்கேதான். தேர் ஆகஸ்ட் கடைசியில், அதற்கு நீங்கள் இருக்கமாட்டீர்கள்.


காயல்காற்று:

நான் மோன் சான் மிஷேலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் தப்பான நாளில் போகிறார்கள்.

படத்தில் பார்க்கிற மாதிரி சுற்றிலும் கடல் எந்நேரமும் இருக்காது. பெரும்பாலான நேரம் சுற்றிலும் சாம்பல் நிற மணலும் சேறும்தான், கடல் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரியும். அந்த விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் அதிகபட்சம் 14, 15 மீட்டர் வரை மாறும், ஐரோப்பாவிலேயே பெரிய ஏற்றங்களில் ஒன்று. அது எல்லா நாளும் ஒரே அளவு வராது. அமாவாசை, பௌர்ணமி கழித்து ஒன்றரை இரண்டு நாளில்தான் பெரிய ஏற்றம். நம் வீட்டுக் காலண்டரே போதும், அதில் நாள் பார்த்துக்கொண்டு பிறகு அவர்கள் வெளியிடுகிற அட்டவணையில் மணியைச் சரிபாருங்கள். அட்டவணையில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள். 110-க்கு மேல் போனால் பாலத்தின் முனையும் கொஞ்ச நேரம் முழுகி, ஊர் நிஜமாகவே தீவாகிவிடும். அவ்வளவு பெரியது கோடையில் அரிது, 90-க்கு மேல் இருந்தாலே பார்க்க நன்றாக இருக்கும். தண்ணீர் உச்சத்துக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். முதலில் ஒரு சத்தம் கேட்கும், பிறகு மணல்மேல் கணுக்கால் உயரத்துக்கு ஒரு நுரைக்கோடு நகர்ந்து வரும், அது கடந்த இடமெல்லாம் தண்ணீராகிவிடும். அந்த நுரைக்கோடுதான் அங்கே பார்க்கவேண்டியது.

பழைய சாலை மண்ணைக் கொட்டிக் கட்டியது. 1879-இல் போட்ட அந்தக் கரை தண்ணீரை ஓடவிடாமல் தடுத்து வண்டலைச் சேர்த்துக்கொண்டே வந்ததால் தீவு கிட்டத்தட்ட நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. அதனால் பக்கத்தில் ஓடுகிற கூய்னோன் ஆற்றில் வண்டலை அடித்துத் தள்ளுவதற்கென்றே ஒரு தடுப்பணை கட்டி, சாலையைப் பெயர்த்தெடுத்து, 2014-இல் தூண்கள்மேல் ஒரு பாலம் போட்டார்கள். இது உங்களுக்கு ஏன் தெரியவேண்டும் என்றால், கார், பஸ் எல்லாம் இரண்டரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அங்கிருந்து இலவச வண்டி உண்டு, நடந்தும் போகலாம். அம்மாவுக்கு வண்டி.

மேலே மடாலயத்துக்கு முந்நூற்றைம்பது படி. அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கீழே இருக்கிற ஒரே தெருவும் செங்குத்து, இரண்டு பக்கமும் பொம்மைக்கடை, மதியம் பதினொன்றிலிருந்து நான்கு வரை தோளோடு தோள் இடிக்கும். அம்மாவும் இன்னொருவரும் தடுப்பணை மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம், அங்கே மரப்படி இருக்கை போட்டிருக்கிறார்கள், தீவு நேர் எதிரே. நீங்களும் மகளும் மேலே போய்வாருங்கள். மகளுக்கு ஒன்றை மறக்காமல் காட்டுங்கள். ஃபிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1863 வரை அந்த மடாலயம் சிறைச்சாலையாக இருந்தது. ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஒரு மரச்சக்கரம் உள்ளே இருக்கிறது. கைதிகள் அதற்குள் இறங்கி நடப்பார்கள், நடக்க நடக்கச் சக்கரம் சுற்றிக் கயிற்றை இழுக்கும், வெளிச்சுவரில் சாய்வாக இறங்குகிற கல்தடத்தில் மூட்டைகள் மேலே ஏறி வரும். சக்கரத்துக்குப் பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அந்தக் கல்தடம் கீழ்வரை தெரியும்.

வற்றத்தில் மணலில் இறங்கி நடக்கலாமே என்று தோன்றும். வழிகாட்டி இல்லாமல் பாறையை விட்டுத் தள்ளிப் போகாதீர்கள். காலை உள்ளே இழுக்கிற புதைமணல் நிஜமாகவே உண்டு.

பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து ரென் நகரம் வரை டிஜிவி என்கிற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். அன்றைக்கே திரும்பலாம்தான், ஆனால் அம்மாவோடு வேண்டாம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். மாலை ஆறுக்குமேல் டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் கிளம்பியபின் அந்தத் தெருவே வேறு. சாப்பாட்டுக்கு அந்தப் பக்கத்தில் கலெட் என்று ஒன்று கிடைக்கும், பக்வீட் மாவில் ஊற்றுகிற மெல்லிய உப்புத் தோசை. மாவு பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், ஆனால் சில கடையில் முட்டை சேர்ப்பார்கள், மேலேயும் வழக்கமாக ஒன்றை உடைத்து ஊற்றுவார்கள், அதனால் கேட்டு வாங்குங்கள். இனிப்புக் கிரேப் அம்மாவுக்கு ஆகாது, அந்த மாவில் முட்டை உண்டு.


புதுவைப்பனி:

சொந்த ஊர் பாண்டிச்சேரி, இருப்பது கிரெனோபிள். மலைக்கு நான் வக்கீல்.

ஷமோனி ஊர் 1,035 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து எகுய் து மிடி கேபிள் காரில் ஏறினால் இருபது நிமிடத்தில் 3,777 மீட்டர். நடுவில் 2,317-இல் ஒரு தடவை வண்டி மாறவேண்டும். இரண்டாவது கம்பிக்கு நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது, ஒரே வீச்சில் பாறைமேல் போய் முட்டும், கடைசி நூறு மீட்டரில் வண்டி கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும்போது உள்ளே எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மேலே போனதும் பாறைக்குள் குடைந்த லிஃப்ட் 3,842 மீட்டர் உச்சிக்குக் கொண்டுபோகும். எதிரே மோன் பிளான். 1955-லிருந்து இது ஓடுகிறது.

இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, காலையில் போகவேண்டும். கோடையில் மதியமானால் மேகம் ஏறிவிடும், பதினொரு மணிக்குமேல் ஏறியவர்கள் பலர் வெள்ளைப் புகைக்குள் நின்று ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கி வருவார்கள். முதல் நாள் இரவு அவர்களுடைய கேமரா படத்தையும் காற்று அறிவிப்பையும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், காற்று பலமாக இருந்தால் வண்டியையே நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது, உயரம். இருபது நிமிடத்தில் இரண்டாயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல் ஏறுவது உடம்புக்குப் பழக்கமில்லாத காரியம். பிபி, இருதயம் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள். மற்றவர்களும் மேலே படியில் வேகமாக ஏறக்கூடாது, பத்துப் படிக்கே தலை சுற்றும். ஜூனிலும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், கையுறை வேண்டும்.

அம்மாவுக்கு மோன்தன்வேர் பற்சக்கர ரயில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக ஷமோனியிலிருந்து 1,913 மீட்டர் வரை ஏறுகிறது, உட்கார்ந்தபடியே போய்வரலாம். மேலே மேர் து கிளாஸ், ஃபிரான்ஸின் மிகப் பெரிய பனியாறு. வெள்ளை வெளேரென்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பனிக்கட்டிமேல் முழுக்கச் சரளைக்கல் மூடியிருக்கிறது, முதல் பார்வைக்குக் கல்குவாரி என்றுதான் நினைப்பீர்கள். ரயில் விட்ட காலத்தில் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் இறங்கினாலே பனிமேல் கால் வைக்கலாம். இப்போது பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. இறங்குகிற வழியில் இந்த வருஷம் பனி இந்த உயரத்தில் இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள். நாம் பிறந்த வருஷத்துக்கான பலகை நம் தலைக்குமேல் அவ்வளவு உயரத்தில் இருப்பதைப் பார்க்கக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும். 2024-இல் பழைய கேபிள் காரை எடுத்துவிட்டுப் பனியாற்றின் மேல்பக்கமாகப் புதிதாக ஒன்று போட்டார்கள், பழைய இடத்தில் இறங்கினால் நல்ல பனியே இல்லை என்பதுதான் காரணம்.

நல்ல ஆறுக்கு அன்சி. ஏரியிலிருந்து கிளம்புகிற சின்ன ஆறு பழைய ஊருக்குள் கால்வாயாக ஓடுகிறது, நடுவில் கப்பல் மூக்குபோல ஒரு பழைய சிறைக்கட்டடம். முழுக்கச் சமதரை. ஏரிக்கரை மரத்தடியில் அம்மா நாள் முழுக்க உட்காரலாம். பாரிஸிலிருந்து டிஜிவி நேராக வரும், நான்கு மணி நேரத்துக்கு உள்ளேதான். ஊர் திரும்ப ஜெனீவா விமான நிலையம் பக்கம். அது சுவிஸ் என்றாலும் ஷெங்கன் விசாவே செல்லும்.


சுங்குடி:

எல்லோரும் அவரவர் ஊருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள், அவர் கேட்டது எதை வெட்டுவது என்று! பத்து நாளில் போகிற நாளும் வருகிற நாளும் கழிந்தால் கையில் எட்டு. அதில் மூன்று மூலை வேண்டாம், பாதி நாள் பெட்டி கட்டுவதிலேயே போகும். பாரிஸோடு இரண்டு இடம். எந்த இரண்டு என்பதை வீட்டில் சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

லாவெண்டர் விஷயத்தில் உங்கள் தேதி அமைந்துவிட்டது. வலான்சோல் பீடபூமியில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரைதான் முழு நிறம், அப்புறம் மிஷினை விட்டு அறுத்துவிடுவார்கள். ஆகஸ்டில் போய் மொட்டை வயலைப் படம் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதிகாலையோ சாயங்காலம் ஏழுக்கு மேலோ போங்கள், நடுமதியத்தில் நிறம் வெளுத்துத் தெரியும், வெயிலும் தாங்காது. வரிசைக்கு நடுவே இறங்கும்போது செடியை மிதிக்காதீர்கள், அது யாரோ ஒருவருடைய வெள்ளாமை. தேனீ கூட்டமாக இருக்கும், குறுக்கே போகாதவரை அது உங்களைக் கண்டுகொள்ளாது. கார் இல்லாமல் அங்கே போவது கஷ்டம்தான், ஆனால் அவிஞோன், எக்ஸ் நகரங்களிலிருந்து எட்டுப் பேர் போகிற வேனில் அரைநாள் கூட்டிப்போகிறார்கள், அது போதும். உண்மையைச் சொன்னால் லாவெண்டருக்கு ஒரு காலை தாராளம். இரண்டாவது வயலும் முதல் வயல் மாதிரியேதான் இருக்கும் (உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்).

அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்தே தீரவேண்டியது போன் து கார். யாரும் இதுவரை வாயே திறக்கவில்லையே! நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ரோமானியர் முதலாம் நூற்றாண்டில் கட்டிய கால்வாய்ப் பாலம். மூன்று அடுக்கு வளைவு, 49 மீட்டர் உயரம். மொத்தக் கால்வாய் ஐம்பது கிலோமீட்டர் நீளம், அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து மட்டம் இறங்குவது பன்னிரண்டு பதிமூன்று மீட்டர்தான். கிலோமீட்டருக்கு ஒரு சாண், சாணுக்கு மேல் ஒரு விரல்கடை என்று வையுங்கள். அந்தக் காலத்தில் மட்டம் பார்த்தவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்கவேண்டும்! கீழே வளைவுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இல்லை. சுவரிலிருந்து அங்கங்கே கல் முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கும், சாரம் தாங்குவதற்காக விட்டது, வேலை முடிந்தும் செதுக்கி எடுக்கவில்லை. பின்னாளில் ஃபிரான்ஸ் முழுக்கச் சுற்றித் தொழில் கற்ற கல்தச்சர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் பெயரையும் உளியையும் சுத்தியலையும் அதே கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், தேடினால் கண்ணில் படும். அடியில் ஓடுவது கார்தோன் ஆறு. கூழாங்கல் கரை, மகள் இறங்கிக் குளிக்கலாம், அம்மா மர நிழலில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். கோயில் ஆறு கணக்கில் ஆறு இங்கேயே முடிந்தது. அவிஞோனிலிருந்து பஸ் உண்டு, முக்கால் மணி நேரம்.

பாரிஸ் அவிஞோன் டிஜிவியில் இரண்டே முக்கால் மணிக்குள். இன்னொரு நாள் மிஞ்சினால் வெர்தோன் மலைப்பிளவு, 700 மீட்டர் ஆழம் வரை போகிறது, அடியில் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத நிறத்தில் தண்ணீர். அதற்குக் கார் வேண்டும், சாலை ஒடுக்கம், ஒரு பக்கம் பள்ளம். வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர் முதல்முதலாகப் பழகவேண்டிய சாலை அது இல்லை. வேனில் போனால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.


பழையகோட்டை:

லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளை இத்தனை பேரும் மறந்துவிட்டீர்களே. எல்லாவற்றையும் போய்ப் பார்க்கச் சொல்லவில்லை, ஷெனோன்சோ ஒன்று போதும். பாரிஸிலிருந்து டிஜிவியில் தூர் நகரத்துப் பக்கம் ஒரு மணி, அங்கிருந்து உள்ளூர் ரயில் அரைமணி, ஸ்டேஷனில் இறங்கினால் கோட்டை வாசல் எதிரே. காலையில் போய் மாலையில் திரும்பலாம். ஷேர் என்கிற ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி அந்தப் பாலத்தின்மேல் மாளிகை கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் ஆன்றி ராஜா தன் காதலி தியானுக்குக் கொடுத்தது. 1559-இல் ஒரு விளையாட்டுப் போட்டியில் ஈட்டி குத்தி ராஜா செத்ததும், பட்டத்து ராணி கத்ரீன் முதல் வேலையாகத் தியானை வெளியேற்றிவிட்டு, தியான் கட்டிய பாலத்தின் மேலேயே தன் நடன மண்டபத்தைக் கட்டிக்கொண்டாள். நம் மெகா சீரியல் தோற்கும். இரண்டாம் உலகப்போரில் அந்த ஆறுதான் ஜெர்மன்காரன் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் எல்லை. மண்டபத்தின் முன்வாசல் ஒரு பக்கம், பின்வாசல் மறுபக்கம். அந்த வழியாக ஆட்களைத் தப்பவைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் ஒத்துவரும், தோட்டம் முழுக்கச் சமதரை.

வெர்சாய் அரண்மனையைவிட எனக்கு இதுதான் ஒரு படி மேல். வெர்சாயில் கூட்டத்தின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.


புதுவைப்பனி:

சுங்குடி அக்கா, இரண்டு இடம் என்றால் தெற்கும் மலையும் ஒரே கோட்டில் வரும், வடமேற்கைத்தான் வெட்டவேண்டும். அவிஞோனிலிருந்து லியோன் ஒரு மணிக்குச் சற்று மேல், லியோனிலிருந்து அன்சி இரண்டு மணி. மோன் சான் மிஷேல் ஆயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது, அடுத்த தடவைக்கும் இருக்கும். எங்கள் பனியாற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.


காயல்காற்று:

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் அடுத்த தடவை என்று சொல்லிப்பாருங்கள் :)


நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். சக்கரத்துக்குள் கைதி நடந்தான் என்றதும் மகள் முடிவு செய்துவிட்டாள், அதை இனி யாரும் அசைக்க முடியாது. காலண்டரை எடுத்துப் பௌர்ணமியும் பார்த்தாயிற்று, நாங்கள் போகிற வாரத்தில்தான் வருகிறது. மனைவி சுங்குடி சொன்னதை முழுக்கப் படித்துவிட்டார், அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்து.

ஆக இப்படி நினைக்கிறேன். ஞாயிறு பாரிஸ் வந்து இறங்குகிறோம். அங்கே மூன்று நாள். அப்புறம் ரென் வழியாக மோன் சான் மிஷேல், ஓர் இரவு. பாரிஸ் திரும்பி அப்படியே அவிஞோன் ரயில், அங்கே மூன்று இரவு, லாவெண்டர், போன் து கார், அவிஞோனிலேயே சும்மா ஒரு நாள். திரும்புவது மர்செய்யிலிருந்து. மலை இந்தத் தடவை இல்லை. புதுவைப்பனி கோபிக்கவேண்டாம், பிபி மாத்திரை போடுகிற அம்மாவைக் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் கேபிள் காரில் ஏறினால் வீட்டில் வேறு பிரச்சினை வரும். ஷெனோன்சோவைப் பாரிஸ் நாட்களில் ஒன்றில் நுழைக்கலாமா என்று ஒரு சபலம் இருக்கிறது.

இரண்டு கேள்வி மிச்சம். பாரிஸ் மூன்று நாளும் திங்கள், செவ்வாய், புதன். எதை எந்த நாளில் வைப்பது? வெர்சாயும் லூவ்ரும் இரண்டுமே வேண்டுமா? அப்புறம் பாரிஸில் மோன்பர்னாஸில் வந்து இறங்கி, அவிஞோன் ரயிலுக்கு வேறு ஸ்டேஷன் போகவேண்டும் என்கிறார்களே, எவ்வளவு நேரம் விடவேண்டும்?


லாசப்பல்வாசி:

அண்ணா, லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. வெர்சாய்க்கும் ஓர்சே மியூசியத்துக்கும் திங்கள் விடுமுறை. செவ்வாயில் லூவ்ர் பூட்டியிருக்கிற படியால் அந்தச் சனமும் சேர்ந்து வெர்சாய்க்குத்தான் போகும், திங்கள் போகமுடியாமல் போன சனமும் அன்றைக்குத்தான் வரும், அந்த நாளில் மட்டும் வெர்சாய் பக்கம் தலைவைக்காதீர்கள்.

ஆகவே திங்கள் நோத்ர தாம், சாந்த் ஷப்பெல், ஆற்றில் படகு, இரவு த்ரோகதேரோ. விமானக் களைப்புக்கு அதுவே காணும். செவ்வாய் ஷெனோன்சோ, அதுக்குச் செவ்வாய் விடுமுறை இல்லை, வெர்சாய் பார்க்காத குறையும் தெரியாது. புதன் லூவ்ர், புதனிலும் வெள்ளியிலும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், பின்னேரம் நான்கு மணிபோலப் போனால் மோனா லிசாவுக்கு முன்னால் நெரிசல் கொஞ்சம் தணிந்திருக்கும். பிள்ளைக்கு லூவ்ரில் டிக்கெட் இல்லை, பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோருக்கும் இலவசம், ஆனால் நேரம் பதியவேண்டும்.

மெட்ரோவுக்குத் தனித்தனிக் கடதாசி டிக்கெட் தேடி அலையாதீர்கள். ஸ்டேஷனில் நவிகோ ஈஸி என்று ஓர் அட்டை தருவார்கள், ஆளுக்கு ஒன்று, ஒரே அட்டையை நான்கு பேர் மாறி மாறித் தட்டமுடியாது. 2025 தொடக்கத்திலிருந்து மெட்ரோவும் புறநகர் ரயிலும் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், விமான நிலையத்துக்கு மட்டும் வேறு.

மோன்பர்னாஸிலிருந்து அவிஞோன் ரயில் ஏறுகிற கார் து லியோனுக்கு மெட்ரோவில் அரைமணிதான், ஆனால் மோன்பர்னாஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே மெட்ரோவுக்கு நடக்கிற தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை, படியும் உண்டு. அம்மாவோடும் பெட்டியோடும் டாக்ஸி பிடியுங்கள். இரண்டு மணி நேரம் விட்டால் நிம்மதி. டிஜிவிக் கதவு புறப்படுகிற நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னமே பூட்டிவிடும், ஓடிவந்து ஏறுகிற கதை இங்கே நடக்காது. பைகளில் பெயர் எழுதி ஒட்டிவையுங்கள், அது இங்கே கட்டாயம்.

ஜூன் கடைசியில் வெயில் முப்பத்தைந்தைத் தாண்டுகிற நாட்களும் வரும், பழைய ஹோட்டல்களில் ஏசி இருக்காது. அவிஞோனில் அறை எடுக்கும்போது ஏசி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பாரிஸுக்கு வந்ததும் முதல் நாள் சாப்பாட்டுக்கு லா சப்பல் பக்கம் வந்துவிடுங்கள், அம்மாவுக்கு இடியப்பம் கிடைக்கும்.